மூன்று முறை கெட்ட ஃப்ரீசர்

ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் இவரும் சௌக்கியம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? ராத்திரிச் சாப்பாடு இன்னும் அதே ரொட்டியும் முட்டையும்தானா? மழுப்பாமல் எழுதுங்கள்.

போன வாரம் போனில் பேசினோமே, அதற்குப் பெயர் பேச்சா? நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டார். காலமெல்லாம் கம்ப்ரஸர் பக்கத்தில் தலையைக் கொடுத்து ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்தால் காது என்னதான் செய்யும்? காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் வருஷக்கணக்கில் கெஞ்சுகிறேன். "எனக்கென்ன கெழடு தட்டிடுச்சா?" என்கிறீர்கள். ஆகவே இனிமேல் கடிதம்தான். மாடிக்காரர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

ஒரு வேலை இருக்கிறது அப்பா. உங்கள் மாப்பிள்ளை ரயிலை ஓட்டிவிட்டு நேரங்கெட்ட நேரத்தில் வந்து, பசி என்று சமையலறை வாசலில் நிற்கிறார். நம் தெருமுனை அரபு ரொட்டிக்கடையில், வேலை விட்டு வரும்போதெல்லாம் நான் வாங்கித் தின்பேனே, சம்பூசெக்? பாதி நிலா மாதிரி மடித்து, உள்ளே வெள்ளைச் சீஸ் வைத்தது? அதைச் செய்து ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் அவர் வரும்போது சுட்டுக் கொடுத்துவிடலாம். இங்கே பெரிய கடையில் உறையவைத்த பாக்கெட் ஒன்று கிடைக்கிறது. நனைந்த அட்டைப்பெட்டியைத் தின்ற மாதிரி இருந்தது. அந்தக் கடைக்காரம்மாவிடம் எப்படிச் செய்வது, எப்படி உறையவைப்பது என்று கேட்டு எழுதுங்களேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டியில் தைலம் தேய்க்க மறக்காதீர்கள்.

உங்கள் வாலு

ஜனவரி 24

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். முட்டி அப்படியேதான் இருக்கிறது, அதற்கும் என் வயசுதானே. மாப்பிள்ளை வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். ராத்திரிச் சாப்பாடு பற்றி இந்தக் கடிதத்தில் பேச்சில்லை.

கடைக்குப் போனேன். அந்த அம்மா கல்லாவுக்குப் பின்னால் மாவு பிசைந்துகொண்டிருந்தார். இங்கே கடை போடுவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஓர் அரபுக் குடும்பத்தில் சமையல் பார்த்தவராம். தனி ஆள். விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வாயால சொன்னா வராது, கையால செஞ்சாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டார். நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். உடனே, "நீங்க ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குதானே? அந்த ஓரத்து ஃப்ரீசர் செத்துக் கெடக்கு. அதுக்கு உயிர் குடுங்க, நான் சொல்லித் தர்றேன்" என்றார். மோட்டாரைக் கிளப்பும் ரிலே போயிருந்தது. மாற்றினேன். என் வேலை உனக்குத் தெரியுமே, ஒரு தடவை தொட்டால் அந்த வீட்டுக்கு நான் மறுபடி போக வேண்டிய அவசியமே இருக்காது.

முதல் பாடம்: வெள்ளைச் சீஸ் உப்புத்தண்ணீரில் ஊறி வருகிறது. அதைத் துண்டு போட்டு, நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். இரண்டாவது, சுட்டபிறகு உறையவைக்கக் கூடாது. பச்சையாகவே வைக்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்த்தேன். குளிர் விஷயத்தில் எனக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்ற கொழுப்பில், எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டேன். மறுநாள் ஒரே செங்கல். உளியால் தட்டிப் பார்த்தேன், உளிதான் வழுக்கியது. கடையில் போய்ச் சொன்னபோது அந்த அம்மா மாவுக்கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பி, கல்லாக இறுகிய பிறகே பைக்குள் போட வேண்டுமாம். நீயும் அப்படியே செய்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணுக்கு ஓய்வு கொடு.

அப்பா

பிப்ரவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உளி வழுக்கியதைப் படித்து நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் மாடிக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார்.

நானும் செய்தேன். மைதா, எண்ணெய், கொஞ்சம் தயிர், சிட்டிகை உப்பு. மாவு நன்றாகத்தான் வந்தது. சீஸின் உப்பை இறக்கினேன், கருஞ்சீரகம் தூவினேன், தட்டில் பரப்பினேன். ஆனால் அடுப்பில் வைத்ததும் பாதிக்குமேல் வாய் பிளந்துகொண்டன. சீஸ் எல்லாம் தட்டில், வெறும் ஓடு என் கையில். இவர் பாவம், "ரொம்ப நல்லாருக்கு, சீஸ் தனியா, ரொட்டி தனியா, ரெண்டு பலகாரம் ஆச்சு" என்று தின்றுவிட்டுப் போனார். எங்கே தப்பு என்று கேட்டுச் சொல்லுங்கள்.

குளிர் அதிகம் என்கிறார்களே, ஸ்வெட்டர் போடுகிறீர்களா?

வாலு

பிப்ரவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

சுகம். ஸ்வெட்டர் போடுகிறேன். மாப்பிள்ளைக்கு என் பாராட்டு, இப்படி ஒரு பொய்யை நானே உன் அம்மாவிடம் சொன்னதில்லை.

தப்பு எங்கே என்றால், ஈரம். சீஸைத் துணியில் கட்டிப் பிழிந்தாயா? பிழிந்திருக்க மாட்டாய். உள்ளே தண்ணீர் இருந்தால் உறையும்போது பெருக்கும், பெருத்தால் தையல் விடும். குழாய் வெடிப்பதும் இப்படித்தான். இதை நான் சொன்னதும் அந்த அம்மா, "இத்தனை வருஷமா பிழியிறேன், ஏன் பிழியிறோம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வெட்கக்கேடு ஒன்றும் நடந்தது. நான் சரிபண்ணிய ஃப்ரீசர் மறுபடி நின்றுவிட்டது! ஆள் அனுப்பினார், ஓடினேன். ரிலே, தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன், ஒன்றிலும் கோளாறில்லை. திரும்ப மாட்டினேன், ஓடியது. நல்லவேளை, சரக்கையெல்லாம் முந்தின நாளே பக்கத்துப் பெட்டிக்கு மாற்றியிருந்தார், ஒன்றும் வீணாகவில்லை. அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன்.

அப்புறம், காதுக்கு மெஷின் வாங்கிவிட்டேன். அந்தக் கடையில் அடுப்புச் சத்தம், காற்றாடிச் சத்தம், சொல்வது சரியாகக் காதில் விழுவதில்லை. பாடம் தவறிவிடக் கூடாதல்லவா. போனை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் விசில் அடிக்கிறது, ஆகவே நீ எழுதிக்கொண்டே இரு.

இருவரும் உடம்பைக் கவனியுங்கள்.

அப்பா

மார்ச் 3

அப்பா!

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். மெஷினா? நான் அழுதேன், மாமா சொன்னார், டாக்டர் சொன்னார். அசைந்தீர்களா? ஒரு கடைக்காரம்மா சீஸ் பிழிவது பற்றிச் சொல்வதைக் கேட்க மெஷின் வாங்கினீர்களா? சந்தோஷத்தில் குதிப்பதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

இவர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மீசைக்குள் சிரிக்கிறார். "ஒங்கப்பா கைபட்ட ஃப்ரிட்ஜ் ரெண்டாவது தடவ கெட்டதா சரித்திரமே கிடையாதே" என்கிறார். எனக்கும் அதுதான் இடிக்கிறது.

அந்த அம்மா எப்படிப்பட்டவர்? எனக்குக் கையில் பொட்டலம் கொடுத்த ஞாபகம்தான், முகம் சரியாக நினைவில்லை.

இந்தத் தடவை சீஸைப் பிழிந்தேன், வெடிக்கவில்லை. ஆனால் விளிம்பு சில இடங்களில் விட்டுப்போகிறது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸின் விளிம்பைத் தேய்த்துச் சரிபண்ணுகிறவள் நான், எனக்கு ஒரு மாவின் விளிம்பு மடங்க மாட்டேன் என்கிறது.

முட்டி எப்படி? எல்லாம் விவரமாக எழுதுங்கள். எல்லாம் என்றால் எல்லாம்.

வாலு

மார்ச் 22

அன்புள்ள வாலுவுக்கு,

முட்டி பரவாயில்லை. நீங்கள் சுகமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாலைந்து தடவை எழுத உட்கார்ந்து எழுந்தேன்.

விளிம்பு விஷயம் முதலில். நான் முள்கரண்டியால் அழுத்திவிடுகிறேன், வெல்டிங் வைத்த மாதிரி உறுதியாக நிற்கும், பார்க்கத்தான் சகிக்காது. அந்த அம்மா கட்டைவிரலால் சின்னச் சின்ன மடிப்பாகக் கயிறு முறுக்கின மாதிரி மடிக்கிறார். அதுவும் விடாது. உனக்கு எது வருமோ அதைச் செய்.

ஃப்ரீசர் மூன்றாவது தடவையும் நின்றது. சரக்கு இந்தத் தடவையும் முந்தின நாளே மாறியிருந்தது. சரிபண்ணினேன். சாப்பிட்டேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாய். சத்தமாகப் பேசுவார். சத்தமாகச் சிரிப்பார். நான் ஏதாவது தெரிந்த மாதிரி அளந்துவிட்டால் முகத்துக்கு நேரே, "சும்மா இருங்க மெக்கானிக்" என்பார். போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார். உன் அம்மா படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் என் சமையலறையைப் பார்த்துவிட்டு, "இது வீடா, ஒர்க்ஷாப்பா?" என்றார்.

உன் அம்மா போய் ஆறு வருஷம். வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் ஒன்றுதான் துணை, அதுவும் எனக்குக் கேட்காமல் இருந்தது. இப்போது மெஷின் வைத்த பிறகு கேட்கிறது. கேட்கிறபோதுதான் வீடு எவ்வளவு காலியாக இருக்கிறது என்று தெரிகிறது.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை எனக்கு. அவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று மனசில் இருக்கிறது. அவரிடம் இன்னும் கேட்கவில்லை. உன்னிடம்தான் முதலில் கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

என் லாரிக்கார நண்பரிடம் ஐஸ்பெட்டியில் சம்பூசெக் கொடுத்து அனுப்புகிறேன். வந்ததும் உடனே ஃப்ரீசரில் போடு. இளகினால் போச்சு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

ஏப்ரல் 19

அன்புள்ள வாலுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? பெட்டி வந்து சேர்ந்தது என்று லாரிக்காரர் சொன்னார். உன் கையில்தான் கொடுத்தாராம். கடிதம் வரவில்லை.

தபால்காரர் தெருவில் திரும்பும்போதே வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவரும் பாவம், என்னைப் பார்த்தால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

நான் கேட்டது தப்பாக இருந்தால் அதை மறந்துவிடு. கடையில் வைத்திருந்த டூல் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஃப்ரீசர் நன்றாக ஓடுகிறது, இனி அங்கே எனக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா மாவுக்கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு பொட்டலம் மட்டும் கையில் கொடுத்தார்.

நீ எனக்கு ஒரே மகள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கோபமாகவாவது ஒரு வரி எழுது.

அப்பா

மே 4

என் அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்களை வாசலில் நிற்கவைத்ததற்கு என்னை நீங்கள் நாலு வார்த்தை திட்டலாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது அப்பா. ஏன் மறைக்க வேண்டும்? அம்மாவின் இடத்தில் இன்னொருவரா என்றுதான் தோன்றியது. உங்கள் பெட்டியைப் பிரிக்காமலே ஃப்ரீசரின் அடியில் தள்ளினேன். மேலே பட்டாணிப் பையைப் போட்டு மூடினேன். "வேண்டாம்" என்று ஒரு கடிதம் எழுதினேன். அனுப்ப மனசு வரவில்லை, கிழித்தேன். "சரி" என்று எழுதவும் கை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடையில் கூட்டம், நான் வர நேரமாகிவிட்டது. கதவைத் திறந்தால் தெருவரை வாசம். உங்கள் மாப்பிள்ளை பட்டாணிக்கு அடியில் தோண்டியிருக்கிறார். தட்டு நிறையப் பொன்னிறமாக வைத்துக்கொண்டு, "திட்டுறதா இருந்தா மொதல்ல ஒண்ணத் தின்னுட்டுத் திட்டு" என்றார்.

ஒன்றை எடுத்தேன். கடிக்கவில்லை. விளிம்பு பார்ப்பதுதானே என் பிழைப்பு, கண் தானாக அங்கே போனது. முள்கரண்டி அழுத்தின வரிகள் - இது அப்பா. அடுத்ததில் கயிறு முறுக்கு - இது அந்த அம்மா. மூன்றாவதாக ஒன்றை எடுத்தேன். அதில் பாதி விளிம்பு முள்கரண்டி, மீதி விளிம்பு கயிறு முறுக்கு. அதே மாதிரி இன்னொன்று. தட்டில் பாதி அப்படித்தான் இருந்தது.

நீங்கள் இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. நீங்கள் ஆரம்பித்ததை அவர் வாங்கி முடித்திருக்கிறார். அவர் ஆரம்பித்ததை நீங்கள் முடித்திருக்கிறீர்கள். சேர்கிற இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட விடவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், அப்புறம் தின்றேன், அப்புறம் இன்னும் மூன்று தின்றேன். அம்மாவின் இடம் அம்மாவுடையது. நீங்கள் அதைத் தூக்கி யாருக்கும் கொடுக்கவில்லை. எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆகிவிட்டது.

இன்னொன்று. ஃப்ரீசர் நிற்பதற்கு முந்தின நாளே சரக்கு இடம் மாறியிருந்தது என்று எழுதினீர்களே, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பெட்டி நாளைக்குக் கெடப்போகிறது என்று ஒருவருக்கு இன்றைக்கே எப்படித் தெரியும்? ரிலேயையும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிய மகாமெக்கானிக்கே, பிளக்கைப் பார்த்தீர்களா?

டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடிதத்தை மடிப்பதற்குள் கிளம்புங்கள். போய்க் கேளுங்கள். முட்டி வலித்தால் ஆட்டோ பிடியுங்கள்.

உங்கள் வாலு

மே 16

அன்புள்ள வாலுவுக்கு,

இப்படிக் கூப்பிடலாமா தெரியவில்லை. உங்கள் அப்பா வாயிலிருந்து வேறு பெயர் வந்ததே இல்லை. நீங்களும் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். நான் அந்த ரொட்டிக்கடைக்காரி. எனக்கு மாவு பிசையத்தான் வரும், கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் சிரித்துவிட்டு விடுங்கள்.

உங்கள் அப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் டூல் பெட்டி. கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். "ஃப்ரீசர் எப்படி இருக்கு?" என்றார். "நல்லா ஓடுது" என்றேன். "அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்று அவரே கேட்டுக்கொண்டார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார். ரொட்டி வாங்க வந்தவர் ஒருத்தர், "சரின்னு சொல்லும்மா, நேரமாகுது" என்றார். சொல்லிவிட்டேன்.

பிளக் விஷயம். ஆமாம், நான்தான் பிடுங்கினேன். முதல் தடவை நிஜமாகவே கெட்டிருந்தது. சரிபண்ணிவிட்டு, "இனிமே நான் வர வேண்டிய வேலையே இருக்காது" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. வேறு என்ன செய்வது? நானாகப் போய், வாங்க, உட்காருங்க, பேசிக்கொண்டிருப்போம் என்று சொல்ல இந்த வயசில் வாய் வருமா? சரக்கை வீணாக்கவும் மனசில்லை. அதனால் முதலில் அதை மாற்றி வைத்துவிட்டு அப்புறம் பிடுங்கினேன்.

இரண்டாவது தடவை பிளக்கைச் சுவரோரமாக மறைத்து வைத்தேன், அவர் எல்லாவற்றையும் திரும்ப மாட்டும்போது நைசாகச் செருகிவிட்டேன். மூன்றாவது தடவை அவசரத்தில் நடுத்தரையிலேயே விழுந்து கிடந்தது. அவர் வந்தார். பார்த்தார். நான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறேன். மனுஷர் காலைத் தூக்கி அதைத் தாண்டிப் போய், பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, கம்ப்ரஸரைக் கழற்ற ஆரம்பித்தார். "பெரிய கோளாறு. நேரமாகும்" என்றார். நான் போய் இரண்டு பேருக்குச் சாப்பாடு வைத்தேன்.

நீங்கள் அவருக்குச் சம்மதம் சொல்லி எழுதிய கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். அந்தப் பாதி விளிம்பைக் கண்டுபிடித்தீர்களே, அது எனக்கே தெரியாது. பேசிக்கொண்டே கை செய்தது. நீங்கள் வரும்போது நாம் மூன்று பேரும் மடிப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொட்டிக்கடைக்காரி

மே 30

அன்புள்ள வாலுவுக்கு,

நானும் அவரும் நலம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது என்று எழுதியதைப் பார்த்ததும் முட்டிவலிகூடக் குறைந்த மாதிரி இருக்கிறது.

பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து, அப்புறம் கடையிலேயே சாப்பாடு. தெருவில் எல்லாரையும் கூப்பிட்டாகிவிட்டது, தபால்காரர் உட்பட. ஃப்ரீசர் இரண்டும் சம்பூசெக்கால் நிரம்பி வழிகிறது. அன்றைக்கு எடுத்துச் சுட்டால் போதும். ராத்திரி நான் ரொட்டியும் முட்டையும் தின்பதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

பிளக்கைப் பற்றி அவர் உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். என் தொழில் மானம் இப்படிக் கப்பலேறும் என்று நினைக்கவில்லை.

நேற்று அந்த ஓரத்து ஃப்ரீசரின் பிளக்கை மாட்டி, அதன்மேல் ஒரு இரும்புப் பட்டையை வைத்துச் சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டேன். அவர் மாவுக்கையோடு வந்து பார்த்தார்.

"ஐயோ, இனிமே இதப் பிடுங்க முடியாதே?"

"பிடுங்க வேணாம். இனிமே நான் சும்மாவே வருவேன்" என்றேன்.

சீக்கிரம் வந்து சேருங்கள். வரும்போது உன் முள்கரண்டியையும் எடுத்து வா, இங்கே ஒன்றுதான் இருக்கிறது.

அப்பா